அக்காவின் கால்மேல் போட்ட பழி

காது மெக்கானிக் தன் கூடப்பிறந்த அக்காவின் வலது காலைப் பற்றி எட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கும் நிம்மதி, அக்காவுக்கும் நிம்மதி. ஆனால் மனுஷன் வாய் சும்மா இருந்தால்தானே!

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட். தகரக் கூரை, ஆயில் ஊறிக் கறுத்துப்போன சிமென்ட் தரை, மூலையில் கை கழுவ ஒரு தொட்டி, தொட்டி விளிம்பில் எப்போதும் ஈரமாகவே இருக்கும் சோப்புத்தூள் டப்பா. வண்டி வந்தால் பானட்டைத் தூக்கிவிட்டு, ஓடுகிற இன்ஜின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து நிற்பார். அரை நிமிஷம்தான். "மூணாவது சிலிண்டர் அடிக்கல" என்பார். கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். இப்படித்தான் காது என்கிற பட்டம் வந்தது. வெளியூரில் வண்டி நின்றுபோனவர்கள் போன் போட்டு, போனை இன்ஜின்மேல் பிடிப்பார்கள். இவர் இங்கே டீயைக் குடித்துக்கொண்டே, "பெல்ட்டு தளர்ந்திருக்கு, மெதுவா வீட்டுக்குப் போயிடு" என்பார். அவர்களும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இப்படி முப்பது வருஷம் பலித்துக்கொண்டே வந்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? இவருக்கும் புரியவில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில், ஸ்பேனர் எங்கேயோ பட்டுத் தீப்பொறி பறந்து, ஒரு காரின் ஒயரிங் மொத்தமும் இவர் கண் முன்னால் எரிந்துபோனது. அன்றைக்குப் பயந்தவர்தான். அதிலிருந்து எந்த வண்டி உள்ளே வந்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னாலேயே போய் பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுவார். அப்புறம்தான் பேச்சு. "முதல்ல டெர்மினல், மத்ததெல்லாம் பின்னாடி" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். பழைய வண்டிகளுக்கு அது நல்ல பழக்கம்தான், குறை சொல்ல முடியாது.

ஹைப்ரிட் வண்டிகள் வர ஆரம்பித்ததும் காதுக்கு வேலை குறைந்தது. பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், மோட்டாரும் இருக்கும், பின்னால் பெரிய பேட்டரியும் இருக்கும். சிக்னலில் நின்றால் வண்டி செத்த மாதிரி அமைதியாகிவிடும், கிளம்பும்போதும் சத்தமே வராது. "சத்தமே போடாதவனை எப்படிய்யா நம்புறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆயில் மாற்றினார், பிரேக் போட்டார், சூட்டைத் தணிக்கிற தண்ணி மாற்றினார். எல்லாம் தெரிந்த வேலைதான் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது அக்கா. இவரைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபிறகு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் படுத்திருந்து, வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த மாதிரி வருவார். யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும், யாருக்காவது நேரம் இருக்க வேண்டும், அந்த யாராவதுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஐம்பத்தாறாவது வயதில் போய் டிரைவிங் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை தேறினார். வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே காது மெக்கானிக்தான். "அத்தான் பின்னாடி படுத்துக்கிட்டு வரலாம் அக்கா, சத்தமே இருக்காது" என்று சொல்லி, ஒருவர் வைத்திருந்து விற்ற ஹைப்ரிட் வண்டியை வாங்கிக் கொடுத்தார். சீட்டை முன்னால் இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா ஒன்றரை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார்.

வெயில் ஏறிய மாதத்தில் ஒருநாள் மத்தியானம், மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றது. சிக்னல் விழுந்து, பச்சை வந்து, அக்கா ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். இன்ஜின் ஓடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. எதிரே ஏதோ ஒரு விளக்கு சிவப்பாக எரிகிறது. பின்னால் ஹாரன் ஹாரனாக அடிக்கிறார்கள். ஒருத்தன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வயசான காலத்துல வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்று கத்திவிட்டுப் போனான். அத்தான் பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அக்கா வண்டியை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது.

அதே மாதிரி மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் அக்கா நேரே தம்பியிடம்தான் கொண்டுவந்தார். மூன்று தடவையும் தம்பி செய்த முதல் வேலை உங்களுக்கே தெரியும்: டெர்மினல். அப்புறம் அதை மாட்டிவிட்டு, போன வருஷம் வாங்கிய சின்ன ஸ்கேனரைச் செருகுவார். கோளாறு எதுவும் இல்லை என்று பச்சையாகக் காட்டும். காதை வைத்துக் கேட்பார், ஒன்றும் கேட்காது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, காற்று சிலுசிலுவென்று அடிக்கிற நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஓட்டிப் பார்ப்பார். வண்டி வெண்ணெய் மாதிரி போகும்.

மூன்றாவது தடவை தீர்ப்பே சொல்லிவிட்டார். "அக்கா, நீ ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பிரேக்கையும் சேத்து மிதிக்கிற. ரெண்டும் சேந்தா வண்டி நகராது."

"இல்லடா. என் கால் ஆக்சிலேட்டர்லதான் இருந்துச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எனக்குத் தெரியாதாடா என் கால் எங்க இருந்துச்சுன்னு?"

"பயத்துல தெரியாது அக்கா. வண்டி பொய் சொல்லாதுல்ல?"

ஹாரன் சத்தத்தில் பதறிப்போனது அக்காவுக்கே ஞாபகம் இருந்தது. ஒருவேளை கால் நகர்ந்திருக்குமோ என்று அன்றைக்கே லேசாகச் சந்தேகம் புகுந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் அக்காவின் மகன் மனைவியோடு வெளியூரிலிருந்து வந்தான். மாமனார் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு, காது மெக்கானிக்கும் மனைவியும் போயிருந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி. மகன் சாதாரணமாகத்தான் கேட்டான்: "வண்டிக்கு என்ன மாமா? அம்மா அடிக்கடி நிக்குதுங்கிறாங்க?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. உங்கம்மா வலது காலுக்கும் மூளைக்கும் நடுவுல ஒயர் அறுந்துபோச்சு. அதை நான் ரிப்பேர் பண்ண முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. சிரிப்பைப் பார்த்ததும் இவருக்கு உற்சாகம் பீறிட்டுவிட்டது. எழுந்து நின்று, இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் மிதித்து, கண்ணை உருட்டி, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக் காட்டினார். "ரெட்டைப் பெடல் டிரைவர்" என்று பட்டமும் வைத்தார். அவர் மனைவி மட்டும், "போதும், உக்காருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

அக்கா காலியான பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது மகன் சொன்னான்: "அம்மா, சிரிப்பெல்லாம் இருக்கட்டும். அப்பாவை உக்கார வெச்சுக்கிட்டு இந்த ரிஸ்க் வேண்டாம்மா. வாடகை வண்டி வெச்சுக்கலாம்." அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவரிலிருந்த ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீயே வெச்சுக்கோ" என்றார். வேண்டாம் அக்கா, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் வாரம் மூன்று நாள் வாடகை வண்டி. போகும்போது டிரைவர் எப்படியோ வந்துவிடுவான். திரும்பும்போதுதான் பாடு. டயாலிசிஸ் முடிந்து அத்தான் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், வண்டி ஒரு மணி நேரம் கழித்து வரும். ஒருநாள் வழியில் வாந்தி எடுத்துவிட்டார் என்று டிரைவர் அடுத்த தடவை வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வேறு ஒருத்தனைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அக்கா எதையும் தம்பியிடம் சொல்லவில்லை. அத்தான்தான் போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அக்காவின் வண்டி ஷெட்டில் நின்றது. ஒருநாள் மத்தியானம் ஏதோ பேரிங் வாங்க அவசரமாகக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்த சாவி அதுதான், எடுத்துக்கொண்டு போனார். மணி இரண்டு. தலையைப் பிளக்கிற வெயில். மார்க்கெட்டுக் கூட்டத்தில் அடி அடியாக ஊர்ந்து பாலத்து ஏற்றத்துக்கு வந்தார். சிக்னல் பச்சையாயிற்று. ஆக்சிலேட்டரை மிதித்தார்.

வண்டி நகரவில்லை.

இன்னும் மிதித்தார். இன்ஜின் ஓடுகிறது, எதிரே சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். என்ன கேட்கும், மண்ணாங்கட்டி! அப்புறம் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது கால் ஆக்சிலேட்டர்மேல்தான் இருந்தது. இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது. அக்கா சொன்னது அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது. அப்போது அவர் மனதில் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ அக்கா என்று தோன்றவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டார்களா என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது என்கிறார். கூசட்டும்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஷெட். அதை வைத்திருப்பவர் முப்பத்தைந்து வயது ஆள். எந்த வண்டி வந்தாலும் லேப்டாப்பை மாட்டிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். அவருக்கு லேப்டாப் டாக்டர் என்று நக்கலாகப் பெயர் வைத்ததே நம் காது மெக்கானிக்தான். மானத்தை மடித்து வைத்துவிட்டு அன்று சாயந்தரம் அங்கே போனார். போகும்போதே ஒரு பொய்யையும் எடுத்துக்கொண்டு போனார்.

"கஸ்டமர் வண்டி ஒண்ணு தம்பி. அப்பப்ப இழுக்காம நின்னுடுது."

"ஸ்கேனர் என்ன சொல்லுதுண்ணே?"

"ஒண்ணும் சொல்லல. மூணு தடவை பாத்தாச்சு."

லேப்டாப் டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "பாக்குறதுக்கு முன்னாடி டெர்மினலைக் கழட்டுனீங்களா?"

"அது... எப்பவும் கழட்டுறதுதானே."

"போச்சு. இந்த வண்டிக்கு எங்க வலிச்சுது, எப்ப வலிச்சுதுன்னு அதுவே உள்ள எழுதி வெச்சிருந்திருக்கும்ணே. டெர்மினலைக் கழட்டுனதும் எல்லாம் அழிஞ்சிருக்கும். அப்புறம் ஸ்கேனரைப் போட்டா பச்சைதான் காட்டும்."

காது மெக்கானிக் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். மூன்று தடவை அந்த வண்டி நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறது, மூன்று தடவையும் இவர்தான் அழித்திருக்கிறார். அழித்துவிட்டு, வண்டி பொய் சொல்லாது என்று அக்காவிடம் வேறு சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் இருவருமாக அதே ஏற்றத்துக்குப் போனார்கள். லேப்டாப் டாக்டர் பக்கத்துச் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டி நின்றது. ஓரமாகத் தள்ளி பானட்டைத் திறந்தார்கள்.

"பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்குற பெட்டிண்ணே இது. இன்வெர்ட்டர். கொதிக்குது. ரொம்ப சூடானா தன்னைக் காப்பாத்திக்க மோட்டாருக்குக் கரண்டை நிறுத்திடும். ஆறினதும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடும்." பக்கத்திலிருந்த சின்னத் தொட்டியின் மூடியைத் துணி வைத்துத் திறந்தார். "இன்ஜினுக்குத் தனித் தண்ணி, இதுக்குத் தனித் தண்ணி. உள்ள பாருங்க. தண்ணி சுத்தணும்."

காது மெக்கானிக் எட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் நின்றது.

"காத்து அடைச்சிருக்கு. தண்ணி மாத்துனவன் எவனோ ஒரு மடையன், மேலாப்புல ரொப்பிட்டு, காத்தை வெளிய எடுக்காமயே மூடியிருக்கான். குளிர்ல தெரியாது. வெயில்ல, நெரிசல்ல, ஏத்தத்துலதான் மாட்டும். எந்த ஷெட்டுல மாத்துனாங்களாம்?"

"தெரியலையே" என்றார் காது மெக்கானிக்.

"சரியான மடையன்ணே."

"ஆமாமா. மடையன்தான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. குளிர் மாதத்தில் அந்த வண்டிக்குத் தண்ணி மாற்றிய நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. யாரோ வெளியூரிலிருந்து போன் போட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொன்னார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, அந்தச் சின்னத் தொட்டியில் கோடு வரைக்கும் ஊற்றி மூடினார். காற்று எடுக்க ஒரு திருகு இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. தெரியாததை யாரிடமும் கேட்டதும் இல்லை. போனில் இருந்தவனுக்குக் கோளாறைச் சரியாகச் சொன்னார், அவனும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தான்.

காற்றை எடுக்க இருபது நிமிஷம்தான் ஆயிற்று. திருகைத் தளர்த்தியதும் குமிழ் குமிழாக வந்தது, அப்புறம் தண்ணீர் சுழல ஆரம்பித்தது. அதற்கப்புறம் எந்த வெயிலிலும் வண்டி நிற்கவில்லை.

உடனே அக்காவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றார், நாளன்றைக்குச் சொல்லலாம் என்றார். என்னவென்று ஆரம்பிப்பது என்றே ஒரு நாள் போயிற்று. ஷெட்டில் யாராவது "ரெட்டைப் பெடல் அக்கா எப்படி இருக்காங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால், அவரும் பல்லைக் காட்டினார். அந்தப் பேச்சு அக்கா வீட்டு மேஜையிலிருந்து ஷெட் வரைக்கும் எப்படி வந்தது? அவர்தான் கொண்டுவந்தார். ஒன்பது நாள் இப்படி மென்று முழுங்கிவிட்டு, பத்தாவது நாள் காலையில் சாவியோடு போய் நின்றார்.

"அக்கா, வண்டியில சின்னதா ஒரு கோளாறு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இனிமே நீ ஓட்டலாம்." பூசி மெழுகித்தான் சொன்னார். யார் செய்த கோளாறு என்பதை விட்டுவிட்டார்.

அக்கா சாவியைத் தொடவில்லை. "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றியாடா?" என்றார்.

"இல்லக்கா, நிஜமா."

"நீ நல்லவன்டா. ஆனா எனக்கே தெரியுது. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். கால் எங்க இருந்துச்சுன்னு இப்ப எனக்கே உறுதியா சொல்ல முடியல."

அப்போதுதான் அவர் மேஜைக்கு அடியில் பார்த்தார். நாற்காலிக்கு முன்னால் தரையில் இரண்டு செருப்பு, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளியில், பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. அக்கா அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். "கண்ணை மூடிக்கிட்டு பிரேக்கு, ஆக்சிலேட்டருன்னு மாத்தி மாத்தி மிதிச்சுப் பாப்பேன். சில நேரம் தப்பாத்தான் வைக்கிறேன். நீ சொன்னது சரிதான் போல."

காது மெக்கானிக் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தப்பை மறைக்கிறவனைப் பார்த்து நல்லவன் என்கிறார்! ஐம்பத்தெட்டு வயதில் செருப்பை மிதித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்! அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "வரேன்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசலில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை கால் எல்லாம் வற்றிப்போயிருந்தது. "மச்சான், நிஜமாவே வண்டியிலதான் கோளாறா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தான்."

"அப்ப அவளுக்கு நம்புற மாதிரி சொல்லுய்யா. அந்த பெஞ்சுல உக்காந்திருக்க முடியல என்னால."

மறுநாள் காலையில் காது மெக்கானிக் தன் கையாலேயே அந்தத் திருகைத் தளர்த்தி, தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, காற்றை உள்ளே விட்டு மூடினார். குளிர் மாதத்தில் எப்படி மூடினாரோ அப்படியே மூடினார். மத்தியானம் அக்காவிடம் போய், "ஒரு பத்து நிமிஷம் என்கூட வா" என்று கூப்பிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தார். மார்க்கெட்டுச் சந்தடியில் ஊர்ந்தார்கள். பாலத்து ஏற்றத்தில் ஓரத்தை ஒட்டியே போனார். வண்டி நின்றது.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நீ வேணும்னே நிறுத்துறே" என்றார்.

"என் காலைப் பாரு அக்கா."

அக்கா குனிந்து பார்த்தார். பார்த்தது போதவில்லை போல. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இன்னும் குனிந்து, தம்பியின் பாதத்தின் மேல் கையை வைத்து அழுத்தினார். ஆக்சிலேட்டர் தரை வரைக்கும் போனது. வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. இன்னொரு தடவை அழுத்தினார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதே விளக்குதான்" என்றார்.

"அக்கா, இன்னைக்குக் காலையில இதை நான்தான் கெடுத்தேன், உனக்குக் காட்டுறதுக்காக. அன்னைக்குக் கெடுத்ததும் நான்தான். தண்ணி மாத்தும்போது காத்தை எடுக்காம விட்டுட்டேன், தெரியாம. நீ மூணு தடவை கொண்டுவந்தப்ப கண்டுபிடிச்சிருக்கலாம். வண்டி உள்ள எழுதி வெச்சிருந்த கோளாறையும் நானே அழிச்சிட்டேன். உன் கால்மேல பழியைப் போட்டேன். உன் கால் சரியாத்தான் இருந்துச்சு அக்கா. எப்பவுமே."

அக்கா அழுவார் என்று தம்பி நினைத்தார், அழவில்லை. திட்டுவார் என்று நினைத்தார், திட்டவும் இல்லை.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். "பத்து நாள் ஆச்சு."

அக்கா விரல் விட்டு எண்ணினார். "நாலு தடவை போயிட்டு வந்தோம். ஒரு தடவை அவர் பெஞ்சுல இருந்து சரிஞ்சே விழுந்துட்டாருடா" என்றார்.

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்து மகனுக்குப் போட்டார், ஸ்பீக்கரை அமுக்கி, இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தார். "மாமா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார். தம்பியைப் பார்த்து, "எட்டுப் பேர் முன்னாடி சொன்னேல்ல. இதையும் சொல்லு" என்றார்.

சொன்னார். திக்கித் திணறி, ஒன்றையும் விடாமல், தண்ணியிலிருந்து பத்து நாள் வரைக்கும் சொன்னார். அந்தப் பக்கம் மகன் சிரித்தான்.

"அட, இதுக்குப் போய் ஏன் மாமா இவ்வளவு வருத்தப்படுறீங்க? புது மாதிரி வண்டி, யாருக்கா இருந்தாலும் தப்பு நடக்கும். விடுங்க மாமா."

பின்னாலிருந்து மருமகள் குரலும் கேட்டது: "பாவம், மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க."

காது மெக்கானிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்படியே அக்காவின் முகத்தைப் பார்த்தார், வந்த மூச்சு திரும்பிப் போய்விட்டது.

"ஏன்டா," என்று அக்கா போனைப் பார்த்துக் கேட்டார், குரலை உயர்த்தாமல். "அவன் தப்புப் பண்ணிட்டு வந்து நிக்கிறான், அரை நிமிஷத்துல விடுங்க மாமாங்கிற. நான் தப்பே பண்ணல. எனக்கு அந்த ஒரு வார்த்தையை ஏன்டா யாருமே சொல்லல?"

அந்தப் பக்கம் பதில் இல்லை. அக்கா பதிலுக்காகக் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார், அப்புறம் வைத்துவிட்டார். காது மெக்கானிக் தன் வாழ்நாளில் கேட்ட சத்தங்களிலேயே மோசமானது அந்த அமைதிதான். அதில் தன் பங்கு எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரிந்தது.

வண்டி ஆறியிருந்தது. அக்கா இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, டிரைவர் கதவைத் திறந்தார். "இறங்கு" என்றார். இறங்கினார். அக்கா சீட்டை முன்னால் இழுத்துவிட்டு உட்கார்ந்தார். ஷெட் வரைக்கும் அவரே ஓட்டினார். அங்கே தம்பி காற்றை எடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, தொட்டியில் தண்ணீர் சுழல்வதைத் தன் கண்ணால் பார்த்தபிறகுதான் சாவிக்குக் கையை நீட்டினார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டுறேன்" என்றார்.

"சரி அக்கா."

"அடுத்த சர்வீஸ் உங்கிட்ட இல்லடா. வேற இடத்துல பாத்துக்கிறேன்."

முப்பது வருஷத்தில் ஒரு ஆள்கூட அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. "சரி அக்கா" என்றார்.

"கோவத்துல சொல்லல. அவரைப் பின்னாடி படுக்க வெச்சு ஓட்டணும், அதான்." சாவியைப் பையில் போட்டுக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "கோவமும் இருக்கு. அது வேற."

"தெரியும் அக்கா" என்றார் காது மெக்கானிக். அக்கா வண்டியை ரிவர்ஸ் எடுத்து, கண்ணாடியை இரண்டு தடவை பார்த்து, தெருவில் திரும்பிப் போனார். வண்டியிலிருந்து சத்தமே வரவில்லை.